கசங்கிய சட்டை யாருக்கு அழகு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் துறையில் முதலாண்டு ஆய்வு மாணவனாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் என் விடுதி அறைக்கு வந்தான். டிசம்பரில் டெல்லியில் ஒரு கருத்தரங்கு. அவனுடைய முதல் கட்டுரை வாசிப்பு. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனோ செல்பேசியை நீட்டி ஒரு ரீல்ஸைக் காட்டினான். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பழைய கல் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். வெளிர் நீலச் சட்டை, மணல் நிறப் பேன்ட், தோளில் சும்மா முடிந்து போட்ட ஸ்வெட்டர், சாக்ஸ் இல்லாத லோஃபர். கீழே 'ஓல்டு மணி லுக்' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, ஆறாயிரம் ரூபாய் சேத்து வச்சிருக்கேன். இந்த மாதிரி வாங்கணும். முடியுமா?"

முடியும் என்றேன். அன்றிரவு ஆரம்பித்த பேச்சு விடிய ஒரு மணி வரை போனது. பாதி துணியைப் பற்றி, பாதி சாதியைப் பற்றி. சட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் ஊரில் சாதியைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. அன்று அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். இயக்கத் தளத்தில் பேஷன் கட்டுரையா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். கருஞ்சட்டையையும் நீலக் கோட்டையும் அடையாளமாகக் கொண்ட ஓர் இயக்க மரபு, சட்டையைப் பற்றிப் பேசுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதலில் அந்த உடைக்கு ஒரு பெயர் இருக்கிறது. பிரெப்பி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பும் விலையுயர்ந்த தனியார் பள்ளிகளுக்குப் 'பிரிபரேட்டரி' பள்ளிகள் என்று பெயர். அங்கே படித்த பிள்ளைகள் பிரெப்பிகள். பரம்பரைச் சொத்துள்ள வெள்ளைப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களின் வாரிசுகள். அவர்கள் வகுப்புக்கும் விளையாட்டுக்கும் விடுமுறைக்கும் போட்ட உடைகள்தான் இந்தப் பட்டியல்: காலரின் முனைகளைப் பித்தானால் பிடித்து வைக்கும் ஆக்ஸ்போர்டு சட்டை, சினோ பேன்ட், போலோ டி-ஷர்ட், லோஃபர், கருநீல பிளேசர், வட்டக் கழுத்து ஸ்வெட்டர், கோடைக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை. ஆமாம், நம் மெட்ராஸ்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த உடையில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. புதிதாகத் தெரியக்கூடாது. காலர் நைந்திருக்கலாம், முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கலாம், லோஃபர் பிய்ந்தால் டேப் ஒட்டிக்கொண்டு நடக்கலாம். அப்பா போட்ட பிளேசரை மகன் போடுவது கூடுதல் மதிப்பு. 1980-ல் லிசா பர்ன்பாக் தொகுத்து வெளிவந்த 'தி அஃபிஷியல் பிரெப்பி ஹேண்ட்புக்' இந்தக் கூட்டத்தைக் கிண்டல் செய்வதற்காக வந்த புத்தகம். கிண்டலை ஜனங்கள் கையேடாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள் என்பது வேறு கதை.

நைந்த காலர் ஏன் பெருமை? புதுச் சட்டை வாங்குகிறவன் நேற்றுப் பணம் பார்த்தவன். நைந்த சட்டையைக் கவலையில்லாமல் போடுகிறவன், தான் யார் என்று யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லாதவன். அவன் பெயரே போதும், அவன் அப்பாவின் பெயரே போதும். 'கேஷுவல்' என்ற சொல்லுக்கு அங்கே உண்மையான அர்த்தம் இதுதான். இதை வாசிக்கும்போது உங்களுக்கு நம் ஊர் முகம் ஏதாவது நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது.

எங்கள் துறையில் ஒரு மூத்த ஆய்வாளர் இருந்தார். மூன்று தலைமுறையாகப் பேராசிரியர்களும் வக்கீல்களும் உள்ள குடும்பம். கசங்கிய குர்தா, ஓரம் கிழிந்த ஜோல்னாப் பை, ஹவாய் செருப்பு. அந்தச் செருப்போடு அவர் துறைத் தலைவரின் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். "என்ன ஒரு எளிமை பாருங்க" என்று பேராசிரியர்கள் எங்களிடம் சொல்வார்கள். நான் ஒருமுறை திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, நேராக ஆய்வு முன்னேற்றக் கூட்டத்துக்குப் போனேன். கசங்கிய டி-ஷர்ட். குழுவில் இருந்த ஒருவர் என் அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்: "ரிசர்ச் ஸ்காலர் மாதிரி வாங்க தம்பி." சரி என்று அடுத்த கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, டக்-இன், ஷூவோடு போனேன். அதே மனிதர். "என்ன, கவர்மென்ட் பெல்லோஷிப் நல்லா வருது போலிருக்கே?" எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எனக்கு உதவித்தொகை வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவருடைய கசங்கல் எளிமை, என்னுடைய கசங்கல் ஒழுங்கீனம், என்னுடைய இஸ்திரி பகட்டு. எந்தச் சட்டையைப் போட்டாலும் நமக்கு மதிப்பெண் போடுகிற கை ஒன்றுதான்.

இதை மனநிலைப் பிரச்சினை என்று சுருக்கிவிட முடியாது. சட்டையே சட்டமாக இருந்த மண் இது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பட்டியல் முழுதாகப் பதிவாகியிருக்கிறது. பனியனைக்கூட விட்டுவைக்காமல் தனியாகக் குறிப்பிட்டுத் தடுத்திருக்கிறார்கள் என்பதை முதன்முதலில் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் வீட்டில் அத்தனை பேரும் சோறு தின்றது பனியன் கம்பெனியால்.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பர் 22-ல், பக்கத்து மாவட்டமான மதுரையில் காந்தி சட்டையைக் களைந்தார். ஏழைகளோடு ஒன்றாவதற்காக. களைவதற்கு முதலில் சட்டை இருக்க வேண்டும், களைந்த பிறகும் மகாத்மாவாக இருக்க முடிய வேண்டும். அதே காலத்தில் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அண்ணல் அம்பேத்கர் கோட்டையும் டையையும் கடைசிவரை விடவில்லை. அண்ணல் நியூயார்க்கில் இருந்தது 1913 முதல் 1916 வரை. இந்தக் கல்லூரி உடை மரபு அந்த நகரத்திலும் அதைச் சுற்றியிருந்த பல்கலைக்கழகங்களிலும் உருவம் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. சேரி முனையில் நிற்கும் சிலையில் அவர் நீலக் கோட்டு போட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்குக் கோட்டு என்பது பணக்காரன் உடை என்பதற்கு முன்பே அண்ணலின் உடையாக அறிமுகமாகிவிட்டது.

இங்கே தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அப்ப இது அவனுங்க டிரெஸ்தானே அண்ணே? பணக்கார வெள்ளைக்காரனுங்க டிரெஸ்ஸ நான் எதுக்குப் போடணும்?"

நல்ல கேள்வி. பதில், அது அவர்களுடையதாக மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. இன்று உலகம் முழுவதும் பிரெப்பி உடையை விற்கும் ரால்ஃப் லாரன், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குடியேறிய யூதக் குடும்பத்தில் ரால்ஃப் லிஃப்ஷிட்ஸாகப் பிறந்தவர். 1920-களில் இதே ஐவி பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்கள் 'அதிகமாக' வந்துவிடக்கூடாது என்று எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளை, உள்ளே இருந்தவர்களின் உடையை அவர்களுக்கே விற்றார்.

அதைவிட நமக்கு நெருக்கமான கதை கறுப்பின மக்களுடையது. மைல்ஸ் டேவிஸின் 1958 இசைத்தட்டான 'மைல்ஸ்டோன்ஸ்' அட்டையைத் தேடிப் பாருங்கள். பச்சை நிறப் பட்டன்-டவுன் சட்டை, கையில் டிரம்பெட், நேராக உங்களைப் பார்க்கிற பார்வை. அந்தச் சட்டையை ஒரு பிரெப்பி போட்டிருந்தால் இத்தனை ஆண்டு யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். 1960 பிப்ரவரி 1-ல் வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் நகரம் நகரமாகப் பரவியது. போராட்டத்துக்குப் போகும்போது கோட்டு, டை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் பாடப்புத்தகம். 1963-ல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் அப்படி உட்கார்ந்தவர்களின் தலையிலும் சட்டையிலும் வெள்ளைக் கும்பல் கெட்சப்பையும் கடுகையும் சர்க்கரையையும் கொட்டியது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. ஜேசன் ஜூல்ஸ் 2021-ல் 'பிளாக் ஐவி' என்று இந்த வரலாற்றுக்கு ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார்.

ஆனால் இதிலிருந்து 'நன்றாக உடுத்தினால் மதிப்பார்கள்' என்ற பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக உடுத்தியவர்கள் தலையில்தான் கெட்சப் விழுந்தது. அந்த மாணவர் இயக்கத்தில் பலர் பின்னாளில், கிராமப்புறக் குத்தகை விவசாயிகளோடு வேலை செய்யப் போனபோது கோட்டைக் கழற்றிவிட்டு அவர்களுடைய டெனிம் உடைக்கு மாறினார்கள். கோட்டு போட்டதும் ஓர் அரசியல் முடிவு, கழற்றியதும் ஓர் அரசியல் முடிவு. நம் ஊரிலும் 2012-ல், ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று தலித் இளைஞர்கள்மீது ஒரு கட்சித் தலைவர் பழி சுமத்தினார். பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு நவம்பரில் தருமபுரியில் என்ன எரிந்தது என்பதும் தெரியும். 1930-ல் பனியன், 2012-ல் ஜீன்ஸ்.

அவர்கள் மதிப்பதற்காக உடுத்தினால் நாம் தோற்றோம். நமக்குப் பிடித்ததை, நம் உடம்புக்குப் பொருந்துவதை, நம் காசுக்குள் வாங்கிப் போட்டால் அது நம் உரிமை. ஒரு சட்டைக்கு இதற்கு மேல் புரட்சிப் பாரம் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

மெட்ராஸுக்கு வருகிறேன் என்றேன். யேல் பல்கலைக்கழகத்தின் பெயரே நம் கடற்கரையிலிருந்து போனதுதான். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். இங்கே சேர்த்த சொத்தோடு லண்டன் திரும்பினார். அவர் பதவியில் இருந்த காலத்தில் இங்கிருந்து கப்பலில் அடிமைகளும் அனுப்பப்பட்டார்கள். 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறிய கல்லூரிக்கு அவர் புத்தகங்களோடு ஒன்பது பொதி சரக்கும் அனுப்பினார். காலிகோ, மஸ்லின் என்று பெரும்பாலும் துணி. அதை விற்ற 562 பவுண்டில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அந்த ரீல்ஸ் பையன் உட்கார்ந்திருந்த கல் படிக்கட்டு எந்தக் கல்லூரியினுடையது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதில் ஏதோ ஓர் ஊரின் நூல் ஓடத்தான் செய்யும்.

மெட்ராஸ் கட்டத்தின் கதை இன்னும் கனமானது. சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கரையிலும் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. இன்றைய நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்துப் பிறப்புக்கும் இறப்புக்கும் உடுத்துகிறார்கள். 18-ம் நூற்றாண்டில் அந்தக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. அப்படிக் கடத்தப்பட்டவர்களின் பேத்திகள் கரீபியத் தீவுகளில் அதே மெட்ராஸ் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். லூசியானாவில் 1786-ல், கறுப்பினப் பெண்கள் அலங்காரமாகத் திரியக்கூடாது, தலையைத் துணியால் மூட வேண்டும் என்று ஆளுநர் ஆணை போட்டார். அவர்களோ வண்ணத் துணிகளை விதவிதமாகக் கட்டி, தடையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். ராமநாதபுரத்துத் தடையை எழுதியவர்களும் லூசியானா ஆளுநரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் இருவருக்கும் ஒரே பயம்.

பிறகு 1950-களின் இறுதியில் அமெரிக்கப் பணக்காரர்கள் வந்தார்கள். மெட்ராஸ் துணி துவைத்தால் சாயம் ஓடும். அதைச் சொல்லாமல் விற்றதால் முதலில் ஒரே ரகளை என்றும், பிறகு சாயம் போவதையே விளம்பரமாக்கி 'ப்ளீடிங் மெட்ராஸ்', சாயம் போவது உறுதி என்று விற்றார்கள் என்றும் ஒரு கதை உண்டு. வெளுத்துப்போன மெட்ராஸ் சட்டை கோடை வீடு வைத்திருப்பவனின் அடையாளமானது. இங்கே அதே கட்டம், அதே சாயம், இடுப்பில் கட்டினால் கைலி. கைலி கட்டியவனை எந்த கிளப்பும் உள்ளே விடாது. 2014-ல் ஒரு கிரிக்கெட் கிளப் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தியபோது சட்டமன்றம் கொதித்துத் தனிச் சட்டமே போட்டது. நல்ல சட்டம்தான். வேட்டிக்கு வந்த அந்தக் கொதிப்பு கைலிக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

சரி, கடைக்குப் போவோம். என் ஆலோசகர் என் அம்மா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு ஆண்டுகள் செக்கிங்கில் நின்றவர். கைமடியாகச் சேர்ந்து, பிசிறு வெட்டி, செக்கிங்குக்கு உயர்ந்தவர். சிப்மென்ட் நாட்களில் ஒன்றரை ஷிப்ட், சில நாள் விடிய விடிய. அமெரிக்காவில் எந்தக் கல்லூரிப் பையன் போடுவான் என்று தெரியாத ஆயிரக்கணக்கான போலோ டி-ஷர்ட்டுகள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. காலரில் ஒரு நூல் பிசிறு தெரிந்தால் பீஸ் திரும்ப வரும், சூப்பர்வைசரின் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தைகளோடு. அம்மாவின் கையில் பிசிறு என்பது குற்றம். அந்தப் பையனின் கழுத்தில் அதே பிசிறு பரம்பரை.

அம்மா துணி வாங்கும் முறை வேறு. முதலில் சட்டையை உள்பக்கம் திருப்புவார். "வெளிய எல்லாரும் நல்லாத்தான் தைப்பான், உள்ள பாரு." தோள்பட்டைத் தையலை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார்ப்பார், தையல் வாய் திறந்தால் கீழே வைத்துவிடுவார். காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து அளவு பார்ப்பார். பக்கவாட்டுத் தையல் நேராக இறங்குகிறதா, முன்பக்கம் திரும்புகிறதா என்று பார்ப்பார். இப்போதே திரும்பினால் ஒரு துவைப்புக்குப் பிறகு தொப்புளுக்கு வந்துவிடும். கட்டம் போட்ட சட்டையென்றால் பையின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் வெட்டியவன் துணியை மிச்சம் பிடித்திருக்கிறான். பிராண்டை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கவும் முடியாது, காதர்பேட்டை எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் லேபிளைப் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள்.

அதனால் போலோ காதர்பேட்டையில். ₹250 முதல் ₹300-க்குள் கிடைத்தது. கருநீலம் ஒன்று, வெள்ளை ஒன்று போதும். மார்பில் பெரிய குதிரை ஓடும் சட்டை வேண்டாம்.

ஆக்ஸ்போர்டு சட்டை வெளிர் நீலத்தில் ஒன்று வாங்கினால் மற்றதெல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடும். கொஞ்சம் தடித்த துணி, சென்னை மே மாதத்துக்கு ஆகாது, டெல்லி டிசம்பருக்குப் பிரமாதம். இந்தச் சட்டையைப் பிரபலமாக்கிய நியூயார்க் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு 1818 முதல் வரலாறு உண்டு. தெற்கத்திய முதலாளிகள் தங்கள் அடிமைகளுக்குப் போட்டுவிட்ட கோட்டுகளையும் அவர்கள் தைத்தார்கள், ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவில் அணிந்திருந்த கோட்டையும் அவர்கள்தான் தைத்தார்கள். அந்தப் பிராண்டு நமக்குத் தேவையில்லை. தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார்ந்தால் ₹500 சட்டையும் ₹5,000 சட்டை போலத்தான் இருக்கும். உட்காராவிட்டால் ₹5,000 சட்டையும் இரவல் சட்டைதான். இடுப்புச் சுற்றையும் கை நீளத்தையும் தெருமுனைத் தையல்காரர் சரிசெய்து தருவார், தோளை மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "இந்தக் கலருக்கு இந்தச் சட்டையா" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளியில் ஒரு ஆசிரியை எனக்குப் பழுப்பும் சாம்பலும்தான் எடுக்கும் என்று வகுப்பில் வைத்தே சொன்னார். முப்பது வயது வரை நான் ரோஜா நிறச் சட்டை வாங்கியதில்லை. வாங்கிப் போட்ட அன்று கண்ணாடியில் பார்த்து எனக்கே கோபம் வந்தது, இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று. வெள்ளை, வெளிர் நீலம், ரோஜா, வெளிர் மஞ்சள் எல்லாம் கறுத்த தோலில் எழும்பி நிற்கும். அந்த ரீல்ஸ் பையனைவிட அவை தம்பிக்குத்தான் அழகு.

சினோ மணல் நிறத்தில் ஒன்று. காக்கி என்பதே தூசி என்ற பொருளுள்ள உருதுச் சொல். பிரிட்டிஷ் இந்தியப் படையின் உடை, இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜி.ஐ. பில் உதவியில் கல்லூரிக்கு வந்த சிப்பாய்களின் காலோடு அமெரிக்க வளாகங்களுக்குள் நுழைந்தது. அந்த உதவி சட்டத்தில் எல்லோருக்கும் என்றுதான் இருந்தது, நடைமுறையில் கறுப்பினச் சிப்பாய்கள் பெரும்பாலும் கையை விரித்துக்கொண்டு திரும்பினார்கள். உதவித்தொகைக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

மெட்ராஸ் கட்டத்துக்குக் கோ-ஆப்டெக்ஸ். அரைக்கைச் சட்டை. நான் வாங்கி வந்ததைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கைலித் துணியில சட்டை போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போறியாடா?" முதல் இரண்டு மூன்று முறை தனியாக, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வெள்ளைப் போலோவும் பிரெப்பி ஆகிவிடும்.

லோஃபருக்கு நான் ஆம்பூர் போனேன். அமெரிக்காவில் 1936-ல் பாஸ் நிறுவனம் நார்வே செருப்பைப் பார்த்துச் செய்து பரப்பிய வடிவம் அது. இன்று ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செய்து உலகத்துக்குப் போகிறது. நெடுஞ்சாலையோரக் கடைகளில் நல்ல தோலில் கிடைக்கும். தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன், தோலில் செய்ததைப் போட்டவன் கனவான் என்பது நம் நாட்டுக் கணக்கு. என் தாத்தா ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். நான் முதல் லோஃபர் வாங்கிய அன்று அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊருக்குப் போய் அந்தத் தெருவில் மெதுவாக நடந்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். யாரும் கவனிக்கக்கூட இல்லை.

கடைசியாக இஸ்திரி. என் அப்பாவிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. சொம்பில் கங்கைப் போட்டு அவரே தேய்ப்பார், இல்லாவிட்டால் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுப்பார். அந்தச் சட்டையைக் கசங்கவிட அவரால் முடியாது. ஒரு மடிப்பு கலைந்தால் ரேஷன் கடையில்கூட ஒருமையில் பேசுவார்கள். ஆனால் தேய்த்த சட்டையின் பெருமையைப் பேசும்போது, சேரிக்கும் வெளுத்துக் கொடுத்த புதிரை வண்ணார்களை நாம் மறந்துவிடுகிறோம். நமக்குக் கீழேயும் ஒரு படி வைத்திருந்தோம். ஆறாயிரத்தில் எண்ணூறை ஒதுக்கி ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கு என்றேன் தம்பியிடம். உன் சட்டையை நீயே தேய். தேய்க்கப் பிடிக்காத நாளில் கசங்கியதைப் போட்டுக்கொண்டு போ, அதற்கும் பழகு.

இவையெல்லாம் ஆண்களின் கதை. என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி இதைப் படித்துவிட்டு, "உங்களுக்குக் காலர் பிரச்சினை, எங்களுக்குத் துப்பட்டா பிரச்சினை" என்றாள். அதை அவள்தான் எழுத வேண்டும். எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

'ஓல்டு மணி' என்ற பெயரை மட்டும் தம்பி விட்டுவிட்டான். அந்தப் பழைய பணத்தில் எவ்வளவு அடிமைத் துணி, எவ்வளவு ஓவர் டைம் என்று தெரிந்த பிறகு அந்தச் சொல் வாயில் ஒட்டவில்லை என்றான். பிளேசர் வாங்கப் பணம் போதவில்லை. என்னுடைய கருநீல பிளேசரைக் கொடுத்தேன், தோள் பொருந்தியது. ஸ்வெட்டரைத் தோளில் முடிந்துகொள்ளாதே, டெல்லியில் குளிரும், ஒழுங்காகப் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

வாசிப்பு முடிந்ததும் அரங்க வாசலில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். நீலக் கோட்டு, ரோஜா நிறச் சட்டை, கையில் சுருட்டிய தாள். கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் அவனிடம் இருபது நிமிடம் சண்டை போட்டாராம், சட்டையைப் பற்றி ஒன்றுமில்லை, மூன்றாவது அட்டவணையைப் பற்றி. அந்த வாரம் ஊருக்குப் போயிருந்த நான் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பையன் நல்லாருக்கான். இடது காலர்ல ஒரு பிசிறு தெரியுது பாரு. வெட்டிரச் சொல்லு."